ஆறாவது மாடியில் ஒருவர்

கஞ்சி பாதி இறங்கியிருந்தபோது போன் அதிர்ந்தது.

அவள் திரும்பவில்லை. ஒரு கையில் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதிலிருந்து மெல்லிய குழாய் கணவரின் மூக்குக்குள் போனது. அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். போன மாதம் ஒரு தடவை ஏறி, நான்கு நாள் ஐசியூவில் கிடந்தார்.

போன் நின்றது.

மணி பதினொன்று. வீடு ஆவடியில். அவள் இருக்க வேண்டிய இடம் ஓஎம்ஆர் சாலையில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி. வருகைப் பதிவின்படி அவள் அங்கேதான் இருந்தாள். காலை ஒன்பது பத்துக்கு உள்ளே போயிருந்தாள்.

போனது அவள் கார்டு மட்டும்.

ஜூனிலிருந்து வாரம் நான்கு நாள் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு. டாக்டர் சீட்டுகளை இணைத்து மூன்று மெயில் போட்டாள். 'தங்கள் நிலையைப் புரிந்துகொள்கிறோம்' என்று பதில் வந்தது. வராவிட்டால் வேலை இல்லை என்பதும் அதே பதிலில் இருந்தது. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும். அது போனால் இந்த மனிதர் எத்தனை நாள் தாங்குவார்? அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

டீமில் பாதிப் பேர் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கார்டைத் தோழி மெர்லினிடம் கொடுத்துவிட்டாள். மெர்லின் பார்க்கிங் பக்கத்துக் கதவு வழியாகப் போவாள். அங்கே காவலுக்கு ஆள் கிடையாது. தன் கார்டைத் தேய்ப்பாள். கொஞ்சம் பொறுத்து இவளுடையதையும் தேய்ப்பாள். ஆள் எங்கே என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான். தலைவலி, ஓய்வறையில் படுத்திருக்கிறாள்.

இன்றைக்கும் மெர்லின் மெசேஜ் போட்டிருந்தாள்.

'சார் கேட்டாரு. வழக்கமான தலைவலிதான். போன எடுத்துடாத.'

மறுபடி அதிர்ந்தது. எட்டிப் பார்த்தாள். மேனேஜர் சத்யன்.

எடுக்கவில்லை.

மூன்றாவது முறையும் அவர்தான்.

"இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்ல போல."

கணவரின் கண்கள் அவளைப் பார்த்தன. சும்மா சிரித்து வைத்தாள்.

கஞ்சி முடிந்ததும் தண்ணீர் விட்டாள். குழாயை மூடினாள். அவர் வாயைத் துடைத்தாள். பிறகுதான் போனை எடுத்தாள்.

ஆபீஸ் ஆப்பில் சிவப்பில் ஓர் அறிவிப்பு.

ஆறாவது மாடி: 1. வெளியேறவில்லை.

கீழே அவள் பெயர்.

தீ ஒத்திகை டிரில்லாக இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை மணி அடிப்பார்கள். எல்லோரும் பார்க்கிங்கில் போய் நின்று, கையில் கொண்டுவரும் மெஷினில் கார்டைக் காட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு மேலே போவார்கள். மெர்லின் இவள் கார்டைக் காட்ட மறந்திருப்பாள். அசடு.

அதற்குள் மெர்லினே கூப்பிட்டாள். பின்னால் சைரன். யாரோ விடாமல் இருமினார்கள்.

"டிரில்லு இல்லடி. நெசமாவே தீ. அஞ்சாவது மாடில. உன் கார்டு மாடியிலயே என் பைக்குள்ள இருக்கு."

"நீ எங்க இருக்க?"

"கீழ வந்துட்டேன்." குரல் உடைந்தது. "சிங்காரம் அண்ணன் மேல போயிட்டாருடி."

"எதுக்கு?"

"உன்னக் கூட்டிட்டு வர. சார் உன் பேரப் படிச்சாரு. அந்தம்மா தலைவலின்னு படுத்திருக்கும், எந்திரிச்சிருக்காதுன்னு சொல்லிட்டு அண்ணன் ஓடிட்டாரு."

"எப்பப் போனாரு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"நீ சொல்லலயா?"

மெர்லின் அழுதாள்.

சிங்காரம் வாசல் காவலாளி. கான்ட்ராக்ட் ஆள். மெஷினில் தேய்க்க அவருக்குக் கார்டு கிடையாது. வாசலில் ஒரு நோட்டு இருக்கும், அதில் கையெழுத்துப் போடுவார்.

கணவருக்கு விபத்து என்று போன் வந்த அன்று, அவள் செருப்பைக்கூட மறந்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். சிங்காரம்தான் ரோட்டின் குறுக்கே போய் நின்று ஆட்டோவை மறித்தார். "நீங்க ஏறுங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்றார். அதற்குப் பிறகு அவள் அலுவலகம் போன நாட்களில் எல்லாம், "சார் எப்படி இருக்காரு?" என்று கேட்காமல் அவர் கதவைத் திறந்ததில்லை.

முதல் தடவையே போனை எடுத்திருந்தால் ஓடிப் போய் அவரைத் தடுத்திருப்பார்கள்.

மேனேஜரைக் கூப்பிட்டாள். கட்டிலில் இருந்தவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சார், நான் வீட்ல இருக்கேன். இன்னைக்கு வரவே இல்ல. என் கார்ட வேற ஆள விட்டுத் தேய்ச்சேன்."

அவர் போனை விலக்கிக் கத்துவது கேட்டது.

"அவங்க உள்ள இல்ல! வீட்ல இருக்காங்களாம்!"

அப்பாடா என்று பல குரல்கள். யாரோ கை தட்டினார்கள்.

"சார், சிங்காரம் அண்ணன் உள்ள இருக்காரு. என்னத் தேடித்தான் போயிருக்காரு. சார்..."

லைன் கட்டாகியிருந்தது.

திரும்ப அடித்தாள். பிஸி. மெர்லினுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

போன் ஒருமுறை அதிர்ந்தது.

ஆபீஸ் ஆப். சிவப்பு போய் பச்சை வந்திருந்தது. அவள் பெயர் இல்லை.

ஆறாவது மாடி: 0. அனைவரும் பாதுகாப்பாக வெளியேறிவிட்டனர்.