இஞ்சிச் சாறு

அவள் குசினி வாசலில், அடுப்புக்கு முதுகு காட்டி நின்றாள்.

மகள் செத்த எட்டாம் நாள் படையலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். தவமலர் மட்டும் உள்ளே வரவில்லை. முற்றத்து வெயிலில் தனியே நின்றாள்.

தவமலர் அவளுடைய கணவனின் அக்கா. அடுத்த வளவில் வீடு. அவள் கூலி வேலைக்குப் போகும் நாட்களில் அவளுடைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள்.

வந்த சனம் எல்லாம் ஒரே கதைதான் கதைத்தது. மரவள்ளிக்கிழங்கு தின்ற பிள்ளைக்கு யாராவது இஞ்சி கொடுப்பார்களா?

கிழங்கோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்பது இங்கே பால்குடிக்கும் தெரிந்த விஷயம். கிழங்கு அவிக்கும் நாளில் இஞ்சித் துண்டைக் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பார்கள்.

தவமலருக்கும் தெரியும். பிள்ளை அன்று காலையில் கிழங்கு தின்றதுதான் தெரியாது.

வயிற்றுக்குள் குத்துகிறது மாமி என்று ஓடிவந்தாள் நிதுஷா. ஆறு வயது. தவமலர் இஞ்சி இடித்துப் பிழிந்து, தேன் விட்டு, மடியில் வைத்துப் பருக்கினாள்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது.

மீன்பிடிக்கப் போன கணவன் கடலால் வந்துசேர முன்னர், டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"இஞ்சியில ஒண்டுமில்லை அம்மா. அது சனம் சொல்லுற கதை. நஞ்சு கிழங்கிலதான். மூடி அவிச்சனீங்களோ?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

டொக்டர் எழுதிக்கொண்டார்.

அன்று காலை அவள் அவித்தது பிடுங்கி நாலு நாளான கிழங்கு. வெட்டியபோது உள்ளே, பழுதானதைக் காட்டும் நீலக் கோடுகள் ஓடின. மழை. ஈர விறகு. வேலைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. நஞ்சு போக நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்து அவிக்கவேண்டும், அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றவேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மூடினால் கெதியில் அவியும் என்பதும் தெரியும்.

பானையில் கொஞ்சத் தண்ணீர் விட்டாள். மூடினாள்.

அவள் தின்னவில்லை. நேரமில்லை.

"கசக்குது அம்மா" என்றாள் பிள்ளை.

சம்பலைத் தொட்டுக்கொண்டு தின் என்று அதட்டிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஓடினாள்.

இந்த எட்டு நாளும் கணவன் அக்காவின் முகத்தில் விழிக்கவில்லை. இரவில் பக்கத்தில் கிடந்து அவள் விம்மும்போது தலையைத் தடவிக்கொடுத்தான். அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கை ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு விடியலிலும் இன்றைக்குச் சொல்வோம் என்று எழும்பினாள். ஒவ்வொரு நாளும் வாய் வரவில்லை. தன்மீது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நிதுஷாவின் படத்துக்கு முன்னால் சோறு படைத்தார்கள்.

அப்போதுதான் தவமலர் முற்றத்தைத் தாண்டி வந்தாள். நேராக அவளிடம் வந்தாள். குசினிப் படியில் குந்தி, அவளுடைய கால்களைப் பிடித்தாள்.

"என்ர கையாலயே பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டன். என்னை மன்னிப்பியோ?"

விறாந்தையில் இருந்த கணவன் நிமிர்ந்து பார்த்தான்.

அக்காவை அல்ல. அவளை.

அவள் வாயைத் திறந்தாள். பின்னால், அடுப்புக்குப் பக்கத்தில், அந்தப் பானை கவிழ்ந்து கிடந்தது.

"மன்னிச்சிட்டன் மச்சாள்."

தவமலர் அந்தக் கால்களில் முகத்தை வைத்து அழுதாள்.

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.