பார்க்கக் கூடாத பை

"பையைத் திறந்து பார்க்கவே கூடாது. ஒரு வாரம் கை மட்டும்தான் பார்க்கணும். உள்ளே இருக்கற பொருள் கைக்கு எப்படிப் படுதோ, அதைக் காகிதம், கம்பி, துணின்னு எது கிடைச்சாலும் வெச்சு செய்யுங்க."

திங்கட்கிழமை காலையில் ஓவிய ஆசிரியர் கடைசியாகப் பேசியது அதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையில் இருந்த துணிப்பைகளை ஆளுக்கொன்றாக நீட்டினாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்.

"சாருக்குத் தொண்டை கட்டிடுச்சா?" என்றாள் குட்டைமுடிக்காரி.

"போடி மக்கு! மௌனமும் ஒரு வெளிப்பாடுதான். அதைத்தான் நமக்குச் செஞ்சு காட்டறார்," என்றாள் கண்ணாடிக்காரி.

அன்றிலிருந்து வகுப்பே பேச்சை விட்டது.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரி தன் படைப்பை மேசையில் வைத்தாள். கம்பியால் வளைத்த மதில். அதன் மேல் வரிசையாக வெள்ளைக் களிமண் கற்கள்.

"இடிஞ்ச கோட்டை சார். பைக்குள்ள கையை விட்டாலே ஒரு சோகம். யாரோ இதைத் தொலைச்சுட்டு, சோறு தண்ணி இல்லாம தவிக்கிற மாதிரி இருந்துச்சு."

ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பையை வாங்கிக்கொண்டு கைகழுவும் தொட்டிக்கு ஓடினார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவர், ஐந்து நாளில் முதல் முறையாகப் பேசினார்.

"பிரமாதம்மா! ஆனா உனக்கு வெச்ச சிப்பி என் பையில இருக்கு. அன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பையும் மாறிப்போச்சு. யாரும் திறக்கக் கூடாதுன்னு நானே சொல்லிட்டு, என் பல்செட் யார்கிட்ட இருக்குன்னு எந்த வாயால கேக்கறது?"