ஐந்தாவது சிகரம்

ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட இருநூற்று எண்பத்திரண்டு சிகரங்களையும் மர்டோவைப் போலவே தானும் ஏறி முடித்துவிட்டதாக ரூரி சொன்னதும், "நம்ப மாட்டேன்" என்று அடம்பிடித்தார் மர்டோ.

"என் கண்ணெதிரே அஞ்சு ஏறிக் காட்டுடா, கிழவா!" என்று மறுநாள் விடியலிலேயே இழுத்து வந்தார்.

ஒவ்வொரு உச்சியிலும் ரூரி உச்சிக்கு அடையாளமான கற்குவியலைத் தொட்டார். மர்டோ அவரை உட்காரவே விடவில்லை.

நான்காவதில் மூடுபனி இறங்கியது.

"முட்டி போச்சுடா. திரும்பிடலாம்" என்றார் ரூரி.

"உச்சிக் கல்லைத் தொடாம வந்தா கணக்கில்ல. நட!"

ஐந்தாவது உச்சியில் மர்டோ முந்தி ஓடிக் கல்லைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை.

"இப்பவாவது நம்புறியா?" என்றார் ரூரி, மூச்சு வாங்க.

"நீ சொன்னப்பவே நம்பிட்டேன்டா."

முப்பது வருஷத்துக்கு முன் இதே மாதிரி மூடுபனியில், இந்த ஐந்தாவது உச்சிக்குக் கூப்பிடு தூரத்தில் பயந்து திரும்பிவிட்டு, ஏறியதாக ஊரெல்லாம் சொன்னவர் மர்டோதான்.