ரோப்பைப் பற்றி எழுதியவன்

"எழுதினவன் பேரைச் சொல்லலேன்னா, உங்க மாப்பிள்ளை நாளையிலேருந்து வீட்லதான் உக்காந்திருப்பான். பரவாயில்லையா பெரியவரே?"

"இப்ப மட்டும் என்ன, வேலைக்குப் போயி மலையையா புரட்டுறான்?" என்றார் பெரியவர்.

"அப்பா!" என்று பல்லைக் கடித்தாள் மகள்.

வந்திருந்தவர் லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர். பெரியவரின் மாப்பிள்ளை அதே கம்பெனியில் மெக்கானிக். பெரியவரும் ஒரு காலத்தில் லிஃப்டுக்கு மேலே ஏறி நின்று வயிறு வளர்த்தவர்தான். முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்ததும், மகளை நச்சரித்து இணையத்தில் ஒரு தளம் தொடங்க வைத்தார். எந்தக் கட்டடத்து லிஃப்டில் என்ன கோளாறு என்று எந்த மெக்கானிக்கும் அதில் எழுதலாம். தப்பாக இருந்தால் இன்னொருவன் திருத்தலாம். பேர் போட வேண்டாம். பேர் கேட்டால் எவன் எழுதுவான்?

போன வாரம் எவனோ எழுதிவிட்டான். ஏழு மாடிக் குடியிருப்பில் லிஃப்டைத் தாங்கும் பழைய இரும்பு ரோப்பையே துடைத்து, கிரீஸ் பூசி, புதுசு மாட்டியதாகக் கம்பெனி பில் போட்டுவிட்டதாம். குடியிருப்பவர்கள் திரண்டு போய் முதலாளியை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். புது ரோப் மாட்டியாகிவிட்டது. எழுதியவன் சீட்டைக் கிழிப்பதுதான் பாக்கி.

"கம்பெனி ஆளைத் தவிர வேற யாருக்கும் இது தெரியாது," என்றார் சூப்பர்வைசர். அவர் சட்டைக் காலர் நனைந்து கிடந்தது. "முதலாளிக்கு உங்க மாப்பிள்ளை மேலதான் சந்தேகம்."

"அவனா? சாப்பாட்டுல உப்பு இல்லேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கே எச்சில் முழுங்குவான். அவன் முதலாளியைப் பத்தி எழுதிட்டானாக்கும்!"

"அவரை ஒரு வார்த்தை சொல்லலேன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே," என்றாள் மகள்.

"அவனைக் காப்பாத்தத்தான் சொல்றேன், சும்மா இரு!"

சூப்பர்வைசர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். "யார் எழுதினாலும், எந்த போன்லேருந்து எழுதினான்னு ஒரு நம்பர் பதிவாகும்னு சொல்றாங்களே?"

"மத்த இடத்துல ஆகும் சார். இங்க ஆகாது. பதிவே ஆகக் கூடாதுன்னு அப்பா ஒத்தைக் கால்ல நின்னார்."

"ஏன்?"

"ஏன்னா, நான் எவனையும் நம்ப மாட்டேன்," என்றார் பெரியவர். "என்னையும் சேத்துத்தான். பல்லு பிடுங்கப் போனப்ப டாக்டர் மயக்க ஊசி போட்டாரு. மயக்கம் தெளியறதுக்குள்ள, கல்யாணத்துக்கு முந்தி நடந்ததெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சிருக்கேன். பக்கத்துல என் சம்சாரம்! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், வாயில நிக்காத விஷயம் காதுக்குள்ளயே போகக் கூடாதுன்னு."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "எங்கயாவது மூலையில ஒட்டிக்கிட்டிருக்காதா? அதைத் தோண்டி எடுக்கவே ஆளுங்க இருக்காங்களாமே?"

"புதைச்சாத்தானே தோண்டுறதுக்கு? வேணும்னா வந்து பாருங்க," என்று மகள் கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

சூப்பர்வைசர் உட்கார்ந்து குடைந்தார். இதைத் திறக்கச் சொன்னார், அதை மூடச் சொன்னார், மூடியதை மறுபடி திறக்கச் சொன்னார்.

"மூக்கு திரையில இடிக்குது தம்பி. கண்ணாடி உடைஞ்சா நீங்கதான் வாங்கித் தரணும்," என்றார் பெரியவர்.

"போலீஸ் வந்து கேட்டா?"

"இல்லாததை எடுத்துக் குடுக்க நான் என்ன மாயமந்திரம் பண்றவனா?"

"முதலாளி கை நிறையப் பணம் குடுத்தா?"

"வாங்கிக்குவேன். சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இருக்காது."

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சார், என் வீட்டுக்காரர் வேலையில கை வச்சுடாதீங்க. அப்பா, ஒரு ஊகமாவது சொல்லித் தொலைங்களேன். எழுதியிருக்கிற விதத்தைப் பாத்தா உங்களுக்குத் தெரியாதா?"

பெரியவர் தாடையைச் சொறிந்தார்.

"ஊகத்துல ஒருத்தன் வயித்துல அடிக்கச் சொல்றியா? அவன் எழுதலேன்னா அந்த ஏழு மாடியில எத்தனை பேர் செத்திருப்பாங்க? உன் புருஷனுக்கு வேலை போச்சுன்னா நான் சோறு போடுறேன். திட்டிக்கிட்டேதான் போடுவேன். ஆனா போடுவேன்."

சூப்பர்வைசர் அவரையே உற்றுப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார்.

"முதலாளி, நானே உக்காந்து குடைஞ்சு பாத்துட்டேன். ஒரு துப்பும் கிடைக்கல... இல்ல முதலாளி, மாப்பிள்ளை கிடையாது. அந்த ஆளுக்கு அதுக்குத் தைரியம் பத்தாது... ஆமா, சொந்த மாமனாரே சொல்றார்... சரிங்க, விட்டுடலாம்."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். மகள் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள்.

"வந்த வேலை முடிஞ்சுதுல்ல? கிளம்புங்க," என்று பெரியவர் வாசலைக் காட்டினார்.

சூப்பர்வைசர் எழுந்து வாசல் வரை போனார். கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னும் ரெண்டு கட்டடத்துல அதே மாதிரி பழைய ரோப்தான் தொங்குது பெரியவரே," என்றார், கழுத்து வேர்வையைத் துடைத்தபடி. "அதையும் எழுதிடுறேன், ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."