பாதியில் நின்ற படம்

அந்த வீட்டில் தொலைபேசிக்கும், கணினியை இணையத்தோடு இணைக்கும் மோடத்துக்கும் சேர்த்து ஒரே கம்பிதான். மோடம் இணையத்தில் இருந்தால் தொலைபேசி வாய் திறக்க முடியாது. அதனால் இரண்டுக்கும் ஓயாத சண்டை.

ஒரு நாள் காலை, வெளிநாட்டில் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசத்தின் மகள் எஸ்தருக்குப் பிறந்த குழந்தையின் படத்தை மோடம் இறக்கிக்கொண்டிருந்தது. அவர் கணினி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் நெற்றி வந்தது. மூடிய கண்கள் வந்தன. மூக்கும் வந்துவிட்டது. அப்போது கம்பியில் 'டிக் டிக்' என்று கேட்டது.

"யாரோ அழைக்கிறார்கள். கொஞ்சம் வழி விடேன்" என்றது தொலைபேசி.

"விட்டால் படம் அறுந்துவிடும். பாவம், ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறார்."

மறுபடியும் 'டிக் டிக்'.

"விடாமல் அழைக்கிறார்களே, என்ன அவசரமோ!"

மோடம் சற்றுத் தயங்கியது. பிறகு பிடியை விட்டது. படம் மூக்கோடு நின்றது. ஞானப்பிரகாசம் தலையில் கைவைத்துக்கொண்டார். உடனே மணி அடித்தது.

"அப்பா, எஸ்தர் பேசுறேன். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரங்க போன், ரெண்டு நிமிஷம்தான். இந்தாங்க, உங்க பேத்தி!"

குழந்தை வீறிட்டு அழுதது. மோடமும் மூச்சடக்கிக் கேட்டது.

"சமாதானப்படுத்தாதம்மா" என்றார் அவர், திரையில் மூக்குக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைத் தடவியபடி. "இன்னும் கொஞ்சம் அழட்டும்."