கேப்டன் நாற்காலி

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கம்மா," என்றார் விண்கப்பலின் கேப்டன், நாற்காலியில் சாய்ந்தபடியே.

துணைக் கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். புதுக் கிரகம். ஆறு கால் ஜந்து ஒன்று ஓடி வந்து, தலை முதல் கால் வரை அவளை ஆசையாக நக்கிவிட்டுப் போனது.

பச்சை எச்சில் சொட்டச் சொட்டத் திரும்பினாள்.

"பத்திரமா வந்துட்டீங்களா?"

"ஒரு தடவையாவது நீங்க இறங்கலாமே சார்?"

"கேப்டன் கப்பலை விட்டு இறங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கேம்மா."

நல்ல வசதியான சட்டம். ஏழு வருஷம், முப்பத்தேழு கிரகம். மனுஷனுக்குச் செருப்புகூடத் தேயவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜினியரைப் பிடித்தாள்.

"தலைமையகத்துக்கு ஒரு புகார் எழுதுப்பா. எல்லா வேலையையும் அடுத்தவங்க தலையில கட்டுறார்னு!"

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

பத்தே நாளில் பதில் வந்தது. 'தேதிவாரியான புகார் கண்டோம். கேப்டன் இன்று முதல் கப்பலின் எடுபிடி. துணைக் கேப்டனே இனி கேப்டன்.'

"பிரமாதமா எழுதியிருக்கேப்பா!" என்றாள், நாற்காலியில் அமர்ந்தபடி.

இன்ஜினியர் நெளிந்தான். "எனக்கு எங்கம்மா நேரம்? டாக்டர்கிட்ட தள்ளிட்டேன்."

டாக்டர் சமையல்காரரைக் கைகாட்டினார். சமையல்காரர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு அடுப்புல வேலை. கப்பல்ல சும்மா இருந்தவர் ஒருத்தர்தானே? அவர்கிட்டயே குடுத்துட்டேன்."

எல்லோரும் பழைய கேப்டனைப் பார்த்தார்கள்.

"முப்பத்தேழு தேதியும் சரிதானேம்மா?" என்றார் அவர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு தடதடத்தது. ஆறு கால் ஜந்து. இந்த முறை குடும்பத்தோடு வந்திருந்தது.

"நீங்க போய்ப் பாருங்க சார்," என்றாள். வஞ்சம் தீர்த்த திருப்தி.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்குத்தாம்மா ஏழு வருஷமாக் காத்திருந்தேன்!" துள்ளிக்கொண்டு ஓடினார்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ஆளைக் காணோம்.

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள்.

"கேப்டன் இறங்கக் கூடாதும்மா," என்றான் இன்ஜினியர். "சட்டம்."

உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள். நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும், நகத்தால் சுரண்டிச் சுரண்டி விழுந்த பள்ளங்கள்.

அவளுடைய விரல்கள் தாமாகவே அதில் போய்ப் பதிந்தன.