பின்கட்டில் கரண்ட் இல்லை

கர்க்கடக மாதத்து மழைக்கு ஆரவாரம் குறைவு, துயரம் மிகுதி. விடிந்தது முதல் வலியசாலைத் தெருவின் ஓடுகள்மீது அது ஒரே சுருதியில் இறங்கிக்கொண்டிருந்தது. சுவர்கள் நீர் கோத்துக் கறுத்தன. பகல் தேய்வதற்கு முன்பே வீடுகளுக்குள் அந்தி வந்து அமர்ந்துவிட்டது. கோவில் மணியோசைகூட நனைந்தபடியே வந்து சேர்ந்தது.

“பின்கட்டிலே ஒரு பிளக்குக்கும் ஜீவன் இல்லையே அம்மா! எத்தனை நாளா இப்படி?” டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கேட்டான் எலக்ட்ரீஷியன் ஷிபின்.

“ஒரு வருஷமா.”

“ஒரு வருஷமா! இதுக்குள்ளே எலி குடித்தனமே வச்சிருக்கும், கேட்டேளா.”

“என் பிள்ளை அங்கேதான் போனான்” என்றாள் சிவகாமி.

ஷிபினின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சென்ற ஆண்டு இதே மழைக்காலம். பின்கட்டு பிளக் ஒன்று வேலை செய்யவில்லை என்று, ஒரே மகன் வினீத் தானே அதைத் திறந்து பார்த்தான். வாசல் அறையின் போர்டில் டிரிப் சுவிட்சைத் தாழ்த்தும்படி அப்பாவிடம் சொல்லியிருந்தானாம். தாழ்த்திவிட்டதாக அவரும் சொன்னாராம், ஆனால் மறந்துவிட்டாராம். வயரைத் தொட்ட பிள்ளை எழுந்திருக்கவே இல்லை.

இதைப் போலீசிடமும் சொந்தக்காரர்களிடமும் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டவர் அவள் கணவர் ராமசுப்ரமணியன். வாழ்நாளெல்லாம் கணக்கில் ஒரு பிழை வராமல் உத்தியோகம் பார்த்த மனிதர். அன்றிலிருந்து சிவகாமி அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள். முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

“நாளைக்கு அவனுக்கு வருஷாப்தீகம். சமையல்காரா கிரைண்டர் போட இடம் வேணும்” என்றாள். “மாமா கோவில்லேர்ந்து வரத்துக்குள்ளே முடிச்சுடுப்பா. அந்தப் பக்கம் யாரையும் கைவைக்க விடமாட்டார்.”

“பாவம், பேடியாயிருக்கும் அல்லே?”

“பயம் என்ன பயம்? பண்ணின பாவம் உறுத்தறது.”

வாசல் அறையில் அவளுடைய பெட்டி கட்டித் தயாராக இருந்தது. காரியம் முடிந்ததும் நாகர்கோவில் தம்பியோடு கிளம்பிவிடுவாள். மகனைக் கொன்ற கையோடு ஒரே கூரையின்கீழ் இனி வாழ முடியாது.

ஷிபின் ஸ்டூல்மேல் ஏறி, நடைவழியில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தான்.

“அம்மா, இது தானாக் கேடு வந்தது இல்லை. ஆரோ வயரை வெட்டி, டேப் சுத்தி உள்ளே ஒளிச்சு வச்சிருக்கு.”

“யாரு வெட்டுவா?”

“அது எனக்கெப்படித் தெரியும்? சேர்த்து முறுக்கினாப் போதும், சரியாகும். ஒரு மினிட்டு.” இறங்கி வாசல் அறைக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் ஏறினான்.

அதற்குள் சிவகாமி பூஜை அறையில் கண்மூடி மாலைப் பாராயணத்துக்கு அமர்ந்திருந்தாள். இரண்டு செய்யுள் சொல்லிக் கண் திறந்தபோது சாமி படத்தின் முன் எரிந்த சிறு சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

மழைக்காலத்தில் டிரிப் விழுவது அந்த வீட்டில் அன்றாட நிகழ்ச்சி. சாமி விளக்கு மட்டும் ஒரு மூச்சு நேரமும் இருண்டிருக்கக் கூடாது என்பது அவளுடைய விரதம். உதடுகள் செய்யுளை விடாமல் தொடர, கால்கள் வாசல் அறைக்கு நடந்தன. போர்டு உயரத்தில் இருந்தது. சுவரோரம் சாத்தியிருந்த குடையை எடுத்து, மரப்பிடியால் சுவிட்சை மேலே தள்ளப் போனாள்.

“ஐயோ, தொடாதீங்கோ! வயர் என் கையிலே இருக்கு!”

குடை அந்தரத்தில் நின்றது.

ஸ்டூலிலிருந்து குதித்து ஓடி வந்தான் ஷிபின். முகம் வெளிறியிருந்தது. “என்னைக் கொன்னிருப்பேளே அம்மா! நான்தானே இப்ப அதைத் தாழ்த்தினது!”

“இது... இது சாமி விளக்கோட சுவிட்சுன்னா?”

“ரெண்டும் ஒரே லைன். பண்டே அப்படித்தான் இழுத்திருக்கு. அந்த வயரை வெட்டறதுக்கு முன்னாடி, இதைத் தாழ்த்தினா சாமி விளக்கும் போகும், பின்கட்டு பிளக்கும் போகும். ஏத்தினா ரெண்டும் வரும்.”

சிவகாமியின் உதடுகளில் செய்யுள் அறுந்தது.

வாசலில் ராமசுப்ரமணியன் நனைந்தபடி நின்றிருந்தார். ஸ்டூலைப் பார்த்தார், திறந்து கிடந்த ஜங்ஷன் பாக்ஸைப் பார்த்தார், சுவிட்சை நோக்கி நீண்டிருந்த குடையைப் பார்த்தார். பிரசாத இலை அவர் கையிலிருந்து நழுவியது.

“யாரு உன்னை வரச் சொன்னா? எல்லாத்தையும் மூடிட்டுப் போ!” என்று ஷிபினிடம் கத்தினார். பிறகு குரல் உடைந்தது. “சிவகாமி... இவன் உங்கிட்டே என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலை. எலி கடிச்சிருக்காம்” என்றாள். ஓர் ஆண்டில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஷிபின் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

அவள் இருண்ட பூஜை அறைக்குள் போய், குத்துவிளக்குக்கு எண்ணெய் வார்த்து ஒரு திரி ஏற்றினாள். திரும்பி வந்து கணவரின் ஈரப் பாதங்களில் நெற்றி பதிய விழுந்தாள். சென்ற ஆண்டும் பாராயணத்தின் நடுவேதான் சாமி விளக்கு அணைந்தது. இதே குடையால்தான் அவள் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, விட்ட செய்யுளைத் தொடரப் போனாள். ராமசுப்ரமணியன் சுவிட்சைத் தாழ்த்தத்தான் செய்திருந்தார், எதையும் மறந்திருக்கவில்லை. அவளுக்குத் தெரியாமலிருக்க வயரை வெட்டி ஒளித்ததும் அவர்தான்.

அவர் கை அவள் தலைமேல் வந்து அமர்ந்தது.

“நன்னா இரு, சிவகாமி. வினீத்தும் அதைத்தான் சொல்லுவான்.”